ஆடி விதைப்புக்கு முன்னால் கோழிகளுக்கு ஒரு வேலை

"கொல்லையில் நாலு காய்கறிப் பாத்தி போடணும், நாலு கோழியும் வளர்க்கணும். எதை முதலில் ஆரம்பிக்கலாம்?" சித்திரை பிறந்தால் இந்தக் கேள்வி தவறாமல் வந்துவிடுகிறது. ஆடிப் பட்டத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. முதலில் கோழியை வாங்குங்கள். பாத்தி வேலையில் பாதியை அவையே பார்த்துக்கொள்ளும்.

ஒரு கோடை மழை பெய்து மண் இளகியதும் ஓரடி ஆழத்துக்குக் கொத்திப் புரட்டி, கட்டிகளை உடைக்காமல் வெயிலில் காயவிடுங்கள். களை வேர்கள் காயும், மண்ணுக்குள் பதுங்கியிருக்கும் கூட்டுப்புழுக்கள் மேலே வரும். அங்கே கோழியை விட்டால் கிளறிக் கிளறிப் பொறுக்கிவிடும். காலையிலும் மாலையிலும் ஓரிரு மணி நேரம் பஞ்சாரத்தில் கவிழ்த்து, தினமும் இடம் மாற்றி வைத்தால் போதும். உச்சி வெயிலில் மட்டும் பஞ்சாரத்துக்குள் அடைக்காதீர்கள்.

கோழி எச்சம் சூடான எரு. பச்சையாகச் செடிக்கு வைத்தால் வேர் கருகும். சித்திரையோடு கோழிகளை அந்த இடத்திலிருந்து மாற்றிவிட்டால், ஆடிக்குள் எச்சம் மண்ணோடு மக்கிவிடும். கத்தரி, தக்காளி, மிளகாய் அங்கே நன்றாக வரும். கீரையும் முள்ளங்கியும் மண்ணை ஒட்டி விளைபவை, சீக்கிரமே அறுவடைக்கும் வந்துவிடும். எச்சத்தில் உள்ள கிருமி அவற்றில் ஒட்ட வாய்ப்பு உண்டு. அவற்றை மட்டும் கோழி மேயாத பாத்தியில் போடுங்கள்.

முதல் முறை வளர்ப்பவர்கள் நாலைந்து கோழிக்கு மேல் போக வேண்டாம். தெருவில் சாயம் பூசி விற்கும் குஞ்சுகளைக் குழந்தை அழுதாலும் வாங்காதீர்கள். பெரும்பாலும் அவை முட்டைக்கோழிப் பண்ணைகளில் கழிக்கப்பட்ட சேவல் குஞ்சுகள். இரண்டு மாதம் தாண்டிய நாட்டுக்கோழியாக வாங்கினால் விளக்குச் சூடு வைக்கும் வேலை மிச்சம். நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இட்டாலே நல்ல கோழி. அதற்கு மேல் ஆசைப்பட்டு ஏமாற வேண்டாம். முட்டைக்குச் சேவலும் தேவையில்லை. அடை வைத்து 21 நாளில் குஞ்சு பார்க்க ஆசைப்பட்டால் ஒன்று போதும். டவுனில் இருப்பவர்கள் அதற்கு முன் பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது!

இனி நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். கோடையில்தான் வெள்ளைக்கழிச்சல் அதிகம் வரும். நேற்று வரை மேய்ந்த கோழி இன்று தலையைத் தொங்கப் போட்டு, பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். சிலது கழுத்தைத் திருகிக்கொள்ளும். வந்த பின் மருந்து கிடையாது. ஒரே வாரத்தில் கூடு காலியான வீடுகள் உண்டு. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கைக்கடியில் ஊசி. வாங்கும்போதே இரண்டும் போட்டாயிற்றா என்று கேளுங்கள். இல்லையென்றால் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் விசாரியுங்கள். பிப்ரவரியில் கால்நடைத் துறை இரண்டு வாரம் முகாம் நடத்திக் கிராமங்களில் இலவசமாகவே போடுகிறது. ஆரோக்கியமான கோழிக்குத்தான் ஊசி போட வேண்டும். அது பலன் தர இரண்டு வாரம் பிடிக்கும் என்பதால், புதிதாக வந்த கோழியை அதுவரை பழைய கோழிகளோடு சேர்க்காதீர்கள். சந்தையிலிருந்து வரும் ஒரே ஒரு கோழி போதும், மொத்தக் கூட்டுக்கும் நோயைக் கொண்டுவர.

கூட்டின் நீளம் கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் உள்ளே அதிகம் இறங்காது. மண் சட்டியில் தண்ணீர் வைத்து மதியம் ஒரு முறை மாற்றுங்கள். கோழி வாயைத் திறந்து மூச்சிரைத்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோங்கள். இரவில் மரநாய் வரும். தாழ்ப்பாள் இல்லாத கூடு எதற்கும் ஆகாது.

தீவனச் செலவைக் குறைக்க அந்தக் காலத்துப் பாட்டிமார் வழி ஒன்று இருக்கிறது. பழைய பானையில் காய்ந்த சாணம், ஓலை, கோணிக் கிழிசல் திணித்து, தண்ணீர் தெளித்து, மாலையில் வெறும் தரையில் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் காலையில் கரையான் மொய்த்திருக்கும். வெயில் ஏறுவதற்குள் குஞ்சுகளுக்குக் கொட்டிவிடுங்கள்.

ஆடியில் விதை போட்ட அன்றே பாத்தியைச் சுற்றி வலை கட்ட வேண்டும். நாட்டுக்கோழிக்கு நாலடி வேலி ஒரு பொருட்டே இல்லை. ஆறடி வலை கட்ட முடியாதவர்கள், ஒரு பக்க இறக்கையில் மட்டும் நீளச் சிறகுகளின் நுனியைக் கத்தரித்துவிடுங்கள். வலிக்காது. இறகு உதிர்த்து முளைக்கும்போது மறுபடி வளர்ந்துவிடும், அப்போது திரும்பக் கத்தரிக்க வேண்டியிருக்கும்.