பள்ளிக்கூடம் தேடிய படலம்

கோடை விடுமுறை வந்துவிட்டால் உபாத்தியாயர்களுக்கு ஓய்வு என்று உலகம் நினைத்துக் கொண்டிருக்கிறது. ஆனைமலையில் எனக்கு அந்தப் பாக்கியம் வாய்த்ததில்லை. மே மாதம் பிறந்ததும் என் வீட்டுத் திண்ணை ஒரு சிறு நியாயஸ்தலமாக மாறிவிடும். பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறவர்கள் ஜோசியரிடம் போகிறார்கள். பள்ளிக்கூடம் தேடுகிறவர்கள் உபாத்தியாயரிடம் வருகிறார்கள். ஜோசியருக்காவது தட்சிணை உண்டு!

இவ்வருஷம் வந்த வழக்குகளில் ஒன்றை மட்டும் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

வந்தவர் ஒரு கொப்பரைக் களத்தில் கணக்கு எழுதுகிறவர். அவருடைய முன்னோர் எத்தனையோ தலைமுறைக்கு முன் கொங்கு நாட்டில் குடியேறியவர்கள். வீட்டில் பேசுவது தெலுங்கு. மனைவி பாலக்காட்டு ஜில்லாவில் கொல்லங்கோட்டுப் பக்கத்துப் பெண், மலையாளம் பேசுகிறவர். இவர்களுடைய ஒரே மகள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். அவள் அவ்வாவிடம் தெலுங்கு பேசுவாள், அம்மாவிடம் மலையாளம், தெருவிலும் பள்ளியிலும் தமிழ், களத்து வேலைக்கு வந்திருக்கும் வடநாட்டார் குழந்தைகளோடு விளையாடி, கொஞ்சம் ஹிந்தியும் பிடித்துக் கொண்டிருக்கிறாள். போதாதற்கு ஆங்கிலப் பாடம் வேறு.

இன்னொரு தகப்பனாராயிருந்தால் பெருமையில் பூரித்துப் போயிருப்பார். இவருக்கோ கவலை.

"ஏனுங்க சார், எல்லாப் பாஷையும் அரையும் குறையுமாப் போயிருமோன்னு பயமா இருக்குதுங்க. ஒம்பதாவதுக்கு எங்கே சேர்க்கிறதுன்னு நீங்கதான் சொல்லணும்" என்றார்.

இந்த ஊரில் இது ஒன்றும் அதிசயமல்ல. மேற்கே சிறிது தூரம் போனால் கேரளம். 1956-ஆம் வருஷம் வரை பாலக்காடும் நாமும் ஒரே சென்னை ராஜ்யத்தில்தான் இருந்தோம். மலை மேல் ஏறினால் காடர், மலசர், முதுவர் ஆகியோரின் பேச்சு. எல்லைக்கு இப்பால் தமிழைக் கட்டாயப் பாடமாக்கி 2006-இல் சட்டம் செய்தார்கள். அப்பால் மலையாளத்தைக் கட்டாயமாக்கி 2017-இல் சட்டம் செய்தார்கள். இரண்டும் நியாயமே. ஆனால் எல்லைக்கல் நிலத்தில்தான் நாட்டப்படுகிறது. குழந்தையின் நாவில் அல்ல.

கணக்குப்பிள்ளை, கொப்பரைச் சீட்டு ஒன்றின் பின்புறத்தில் நான்கு வழிகளை எழுதிக் கொண்டு வந்திருந்தார். உள்ளூர் அரசு மேல்நிலைப் பள்ளியின் தமிழ் வழி வகுப்பு ஒன்று. அதே பள்ளியின் ஆங்கில வழி வகுப்பு இரண்டு. பொள்ளாச்சியில் உதவி பெறும் பள்ளி ஒன்றின் ஆங்கில வழி மூன்று. கொல்லங்கோட்டில் அம்மம்மா வீட்டில் தங்கிக் கேரளப் பள்ளியில் படிப்பது நான்கு. மூன்றாவதன் கீழே இரட்டைக் கோடு போட்டிருந்தார். பக்கத்து வீட்டார் யோசனையாம்.

உதவி பெறும் பள்ளி என்பது நமக்குப் பழைய ஏற்பாடு. 1854-ஆம் வருஷத்துக் கல்வி அறிக்கையிலிருந்து வந்த முறை அது. சர்க்கார் சம்பளம் கொடுக்கும்; தனியார் நிர்வாகம் செய்வார்கள். அமெரிக்காவில் 1991-இல் மின்னஸோட்டா ராஜ்யம் சட்டம் செய்து, பொதுப்பணத்தில் தனி நிர்வாகமாக நடக்கும் 'சார்ட்டர்' பள்ளிகளைத் தொடங்கியபோது அதைப் புதுமை என்று உலகமே பேசிற்று. நம் பாட்டனார்கள் அதைப் போன்றதொரு பள்ளியில்தான் அரிச்சுவடி படித்தார்கள்! இந்தப் பள்ளிகளில் மிக உயர்ந்தவையும் உண்டு. பெயரளவில் நடப்பவையும் உண்டு. ஆகவே உதவி பெறும் பள்ளி என்பதனாலேயே ஒன்று நல்லதும் ஆகாது, கெட்டதும் ஆகாது.

கணக்குப்பிள்ளைக்குக் கணக்காகவே சொன்னேன். "இந்த இரட்டைக் கோட்டுக்கு என்ன விலை தெரியுமா? மருத்துவக் கல்லூரி இடங்களில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவிகிதம் ஒதுக்கி 2020-இல் சட்டம் வந்தது. மறு வருஷம் பொறியியல் முதலான படிப்புகளுக்கும் அவ்வாறே செய்தார்கள். ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். உங்கள் பெண் அதில் மூன்று வருஷத்தைச் சம்பாதித்து வைத்திருக்கிறாள். நடுவில் மாறினால் அந்த மூன்றும் போயிற்று. உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் திட்டம் 2022-இல் அரசுப் பள்ளி மாணவிகளுக்காக ஏற்பட்டது; பின்பு 2024-இல் உதவி பெறும் பள்ளிக்கும் அதை விரித்தபோது, தமிழ் வழியில் படித்தவர்களுக்கே என்று வைத்தார்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ராஜ்ய உத்தியோகங்களில் 20 சதவிகிதம் என்பது 2010-ஆம் வருஷத்துச் சட்டம். பள்ளிக்கூடம் முதல் எல்லாப் படிப்பும் தமிழிலேயே இருக்க வேண்டும் என்று 2020-இல் அதைத் திருத்தினார்கள்."

அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதெல்லாம் யாரும் சொல்லலைங்களே!" என்றார்.

"சலுகைகள் காலத்துக்குக் காலம் மாறும். சேர்க்கிற வருஷத்தில் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் உள்ளதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் இது வெளிக் கணக்குதான். உள் கணக்கு, அதோ, உங்கள் பின்னால் நிற்கிறது" என்று சொல்லி, அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன்.

"அம்மிணி, உங்கள் அப்பா களத்தில் தேங்காயை வெயிலில் போட்டால் எடை குறைகிறதே, ஏன்?"

முதலில் ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னேன். ஆவியாதல் பற்றிப் புத்தகத்தில் கண்ட இலக்கணத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள். தகப்பனார் முகம் மலர்ந்தது. ஒப்பித்து முடித்ததும் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"இப்போது தமிழில் சொல்."

"தேங்காயில் பாதிக்குப் பாதி தண்ணிங்க சார். வெயிலில் அது ஆவியாகிப் போயிருது. நல்ல கொப்பரைன்னா நூற்றுக்கு ஆறு, ஏழு பங்குதான் ஈரம் இருக்கும்னு அப்பா சொல்லுவார்." சற்று நிறுத்தினாள். பிறகு, "தண்ணி போயிருது, சரிங்க. எண்ணெய் மட்டும் ஏனுங்க சார் போறதில்லை?" என்று கேட்டாள்.

நேயர்களே, கணக்குப்பிள்ளை இருபது வருஷமாகக் கொப்பரையோடு வாழ்ந்தவர். நானும் பல வருஷமாக விஞ்ஞானப் பாடம் நடத்துகிறவன். இருவருக்கும் தோன்றாத கேள்வி அது. எண்ணெயின் அணுத்திரள் நீரினுடையதைவிடப் பன்மடங்கு கனமானது. வெயிலின் சூட்டுக்கு அது ஆவியாகாது என்று விளக்கினேன். உடனே அந்தப் பெண், படியோரம் நின்றிருந்த தாயாரிடம் திரும்பி, மலையாளத்தில் அதைச் சொன்னாள். எனக்கு மலையாளம் அரைகுறைதான். ஆனால் அவள் கைகளால் சிறிய பந்தையும் பெரிய பந்தையும் காட்டியதிலிருந்து, விஷயம் பிசகாமல் போய்ச் சேர்ந்தது என்று கண்டுகொண்டேன். வீட்டுக்குப் போனதும் அவ்வாவுக்குத் தெலுங்கில் ஒரு முறை நடந்திருக்கும்.

"உங்கள் பெண்ணுக்குப் பாஷைகள் அரைகுறையாக இல்லை. ஒவ்வொன்றும் ஒரு வேலைக்கு முழுசாக இருக்கிறது. அவற்றுள் கேள்வி கேட்கும் பாஷை தமிழ். ஆங்கிலத்தில் இன்னும் பதில் சொல்லத்தான் தெரியும்" என்றேன்.

இதை நான் சொல்லக் கற்றுக் கொண்டதற்கு ஒரு பையன் விலை கொடுத்திருக்கிறான். அரசுப் பள்ளிகள் பலவற்றில் 2013-14 கல்வியாண்டில் ஆங்கில வழிப் பிரிவுகள் திறந்தார்கள். அதற்குச் சில வருஷங்களுக்குப் பின் நான் இருந்த பள்ளியிலும் பிரிவை நிரப்ப ஆள் சேர்க்க வேண்டியிருந்தது. தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பையனின் தாயாரிடம் நானே போய்ப் பேசினேன். வீட்டில் ஒரு பாஷை, வெளியில் தமிழ் என்று வளர்ந்தவன். கணக்கில் கெட்டிக்காரன். "எதிர்காலத்துக்கு நல்லது" என்றேன். அந்த அம்மாள் என்னை நம்பினாள். முதல் பெஞ்சில் இருந்தவன் ஒரே வருஷத்தில் கடைசிப் பெஞ்சுக்குப் போனான். பத்தாம் வகுப்பில் தேறவில்லை. பிறகு வரவும் இல்லை. சென்ற வருஷம் சந்தையில் பார்த்தேன். தேங்காய் லாரி ஓட்டுகிறான். மரியாதையாக நின்று பேசினான். "எனக்குப் புரிஞ்சுதுங்க சார். கேட்கத்தான் வாய் வரலை" என்றான். லாரி ஓட்டுவது கௌரவமான தொழில்தான். ஆனால் அவன் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டேன்.

காந்திஜி 1938-இல் தம் பள்ளி நாட்களை நினைத்து எழுதினார்: கணிதம், ரஸாயனம் முதலியவற்றை ஆங்கிலத்தில் கற்க நான்கு வருஷம் பிடித்தது, குஜராத்தியில் ஒரே வருஷத்தில் கற்றிருக்கலாம் என்று. நம் திருப்பூரில் பிறந்த அவினாசிலிங்கம் செட்டியார், 1946 முதல் 1949 வரை சென்னை ராஜ்யத்தின் கல்வி மந்திரியாக இருந்து, உயர்நிலைப் பள்ளிகளில் தமிழிலேயே போதிக்க வழி செய்தார். அதற்கு வேண்டிய கருவியாக, தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் மூலம், பெரியசாமித் தூரனைப் பிரதம ஆசிரியராகக் கொண்டு பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியமும் 1954 முதல் 1968 வரை வெளிவரச் செய்தார்.

"காலேஜில் எல்லாம் இங்கிலீஷ்தானுங்களே?" என்று கணக்குப்பிள்ளை கேட்டார். நியாயமான கேள்வி, மழுப்பக் கூடாது. நானும் தமிழ் வழியில் படித்துக் கோயம்புத்தூரில் கல்லூரிக்குப் போனவன். முதல் ஆறு மாதம் பௌதிக வகுப்பில் காதிருந்தும் செவிடனாக உட்கார்ந்திருந்தேன். அந்த வெட்கம் இன்றும் நினைவிருக்கிறது. ஆனால் விஷயம் உள்ளே இருந்தது. பெயரைத்தான் மாற்றிக் கற்க வேண்டியிருந்தது. பெயர் தெரிந்து விஷயம் தெரியாதவர்களின் பாடு அதைவிட மோசம். ஆகவே தமிழ் வழியில் சேர்த்தாலும், அங்கே ஆங்கில ஆசிரியர் யார், குழந்தைகளைப் பேச வைக்கிறாரா என்று விசாரியுங்கள். விஞ்ஞானச் சொற்களின் ஆங்கிலப் பெயரைத் தினம் ஐந்தாக வீட்டிலே எழுதச் செய்யுங்கள்.

தமிழ் வழியே எல்லாக் குழந்தைக்கும் என்று நான் சொல்லவில்லை. அரிச்சுவடி முதல் ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்திலேயே கேள்வி கேட்கும் குழந்தையை ஒன்பதாம் வகுப்பில் தமிழுக்கு மாற்றுவதும் அதே கொடுமைதான். கேரளப் பள்ளியைப் பற்றியும் அதையே சொன்னேன். பேசும் மலையாளம் வேறு. புத்தக மலையாளம் வேறு. பதின்மூன்று வயதில் எழுத்துக் கூட்டிக்கொண்டே இயற்கணிதமும் படிக்கச் சொல்வது எப்படி?

மற்றப் பாஷைகள் என்னாவது? 1968 முதல் நம் ராஜ்யத்தில் அரசுப் பள்ளிக்கு இரண்டு பாஷை. தெலுங்கையும் மலையாளத்தையும் அங்கே எதிர்பார்க்க முடியாது. அவை வீட்டின் பொறுப்பு. தாயாருக்கு மலையாள எழுத்துத் தெரியும். இரவில் அரைமணி போதும். அவ்வாவுக்குத் தெலுங்கு எழுத்துத் தெரியாது. கதை தெரியும். கதை இருக்கும் வரையில் பாஷையும் இருக்கும்.

ஜூன் மாதம் அந்தப் பெண் உள்ளூர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் சேர்ந்தாள். நான் வேலை பார்ப்பது வேறு ஊரில். ஆகையால் இதில் எனக்கு ஆள் சேர்த்த லாபம் இல்லை. சென்ற வாரம் கணக்குப்பிள்ளையைக் கடைவீதியில் கண்டேன்.

"பாப்பா ரொம்பக் கேள்வி கேட்கிறான்னு வாத்தியார் சொல்லியனுப்பினாருங்க. புகாரா, பாராட்டான்னு தெரியலை" என்றார்.

"பதில் தெரியாத கேள்விக்கு என்ன செய்கிறாராம்?" என்று கேட்டேன்.

"நாளைக்குப் பார்த்துச் சொல்றேன்னாராம். மறுநாளே சொல்லியும் போட்டாருங்களாம்."

முகம் தெரியாத அந்த ஆசிரியருக்கு என் நமஸ்காரம்.