பிள்ளைகளைக் குற்றம் சொல்ல முன் லொக்கைப் பாருங்கள்

பாடசாலையில் வைபை வேலை செய்யாவிட்டால் நமக்குத் தெரிந்த மருந்துகள் மூன்றுதான். ரவுட்டரை நிப்பாட்டிப் போடுவோம். பாஸ்வேர்டை மாற்றுவோம். அதற்கும் சரிவராவிட்டால் புதிய ரவுட்டருக்குப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடம் காசு கேட்போம். இதற்கிடையில் "பிள்ளைகள்தான் ஏதோ செய்துவிட்டார்கள்" என்ற பேச்சும் ஆசிரியர் அறையில் ஒரு சுற்று வந்துவிடும்.

ஆனால் தன்னிடம் வந்து போகும் சாதனங்களைப் பற்றி ரவுட்டர் எழுதி வைக்கிறது. அதற்கு லொக் என்று பெயர். அதிபர் அலுவலகத்தில் இருக்கும் சம்பவத் திரட்டுப் புத்தகம் மாதிரித்தான். எந்தச் சாதனம் வந்தது, எத்தனை மணிக்கு வந்தது, உள்ளே விடப்பட்டதா, இல்லாவிட்டால் எந்தக் கட்டத்தில் நின்றது என்பது அதில் இருக்கும். நூற்றுக்கணக்கான சாதனங்கள் உள்ள இடத்தில் அது ஆயிரக்கணக்கான வரிகளாக நீளும். மனிதர் உட்கார்ந்து வாசிக்க முடியாது. அதை வாசித்துச் சுருக்கித் தரும் மென்பொருள்கள் இப்போது இருக்கின்றன. அவற்றை நாம் கட்டாயம் பாவிக்க வேண்டும், ஆனால் அவை தரும் முதல் பதிலைத் தீர்ப்பாக எடுக்கக் கூடாது. நாம் சொல்ல வருவது இதுதான்.

ஒரு போன் வைபையில் சேர்வது ஒரே அடியில் நடக்கும் வேலை இல்லை. முதலில் போன் அனுமதி கேட்கும், ரவுட்டர் சேர்த்துக்கொள்ளும். இரண்டாவது, பாஸ்வேர்ட் இரு பக்கமும் ஒன்றுதானா என்று நான்கு செய்திகளைப் பரிமாறிப் பார்க்கும். மூன்றாவது, ரவுட்டர் அந்தப் போனுக்கு ஓர் ஐ.பி. முகவரி கொடுக்கும். இதை டி.எச்.சி.பி. என்பார்கள். நான்காவது, நாம் கேட்கும் இணையத்தளம் எந்த முகவரியில் இருக்கிறது என்று டி.என்.எஸ். சொல்ல வேண்டும். இந்த நாலில் எது பிழைத்தாலும் பிள்ளை சொல்வது ஒன்றுதான்: "சேர், நெட் இல்லை." எந்தப் படியில் பிழைத்தது என்று லொக்தான் சொல்லும்.

எங்கள் பாடசாலையில் கடந்த தவணை நடந்ததைச் சொன்னால் விளங்கும். செவ்வாய்க்கிழமை ஐ.சி.ரி. பாடவேளையில் லெப்டொப்களுக்கு இணையம் வராது. வியாழக்கிழமை அதே லெப்டொப்கள், அதே வகுப்பு, ஒரு பிரச்சினையும் இல்லை. "பிள்ளைகள் பாஸ்வேர்டை ஊருக்கே கொடுத்துவிட்டார்கள்" என்று பேச்சு அடிபட்டது. தரம் 10இல் இரண்டு பிள்ளைகளின் பெயரும் சேர்ந்து அடிபட்டது. பாஸ்வேர்ட் மாற்றப்பட்டது. அடுத்த செவ்வாயும் அதே கதைதான்.

நெட்வேர்க் துறையில் வேலை செய்யும் பழைய மாணவர் ஒருவர் உதவிக்கு வந்தார். அவர் முதலில் சொன்னது, "ரவுட்டரை நிப்பாட்ட வேண்டாம்" என்பது. சிறிய ரவுட்டர்கள் பலவற்றில் லொக் தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கிறது. நிப்பாட்டிப் போட்டால் சாட்சியும் அதோடு போய்விடும்.

லொக்கை எடுத்து மென்பொருளில் போட்டதும் ஒரு பட்டியல் வந்தது. முதலிடத்தில் இருந்தது பாஸ்வேர்ட் பரிமாற்றத் தோல்வி, குறியீடு 15. ஆயிரக்கணக்கான வரிகள். "பார்த்தீர்களா, சொன்னது சரிதானே" என்றார்கள் சிலர். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "இந்த வரிகள் எல்லாம் எத்தனை சாதனங்களிலிருந்து வந்தவை?"

பிரித்துப் பார்த்தால் ஒரே ஒரு சாதனம். அலுவலக ப்ரின்டர். பாஸ்வேர்ட் மாற்றப்பட்டபோது அதற்குப் புதியது கொடுக்கப்படவில்லை. பழைய பாஸ்வேர்டைச் சொல்லி இரவு பகலாகக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

உண்மையான காரணம் பட்டியலில் கீழே கிடந்தது. வரிகள் குறைவு, ஆனால் சாதனங்கள் 20க்கும் மேல். எல்லாம் கணினிக் கூடத்து லெப்டொப்கள். பாஸ்வேர்ட் சரியாகி உள்ளே வந்து, ஐ.பி. முகவரி கேட்டு, பதில் கிடைக்காமல் நின்றிருந்தன. அந்த ரவுட்டர் 100 முகவரிகள்தான் கொடுக்கும். ஒரு சாதனத்துக்குக் கொடுத்தால் 24 மணித்தியாலம் அது அந்தச் சாதனத்துக்கே. திங்கட்கிழமை பின்னேரம் மண்டபத்தில் நடக்கும் செயலமர்வுக்கு வருகிறவர்களின் போன்கள் முகவரிகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும். செவ்வாய் காலை லெப்டொப்கள் அலுமாரியை விட்டு வெளியே வரும்போது பங்கிட ஒன்றும் மிச்சமில்லை.

24 மணித்தியாலம் 2 ஆக்கப்பட்டது. வருகிறவர்களுக்குத் தனி வைபை போடப்பட்டது. செலவு ஒரு சதமும் இல்லை. அந்த இரண்டு பிள்ளைகளின் பெயரைச் சொன்னவர்கள் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை.

இங்கே மென்பொருள் பொய் சொல்லவில்லை. அது வரிகளை எண்ணியது, அவ்வளவுதான். திங்கட்கிழமை செயலமர்வு இருந்தது அதற்குத் தெரியாது. நமக்குத் தெரியும். குறியீடு 15 என்றால்கூட நான்கு செய்திப் பரிமாற்றம் நேரத்துக்குள் முடியவில்லை என்பது மட்டுமே. பாஸ்வேர்ட் பிழையாலும் அது வரலாம், சிக்னல் பலவீனத்தாலும் வரலாம். பாஸ்வேர்டை யார் வெளியே கொடுத்தார் என்று எந்தக் குறியீடும் சொல்லாது.

பெரிய நிறுவனங்களில் சிஸ்கோவின் வயர்லஸ் டீபக் அனலைசர், ஜூனிப்பர் மிஸ்ட்டின் மார்விஸ் போன்றவை இந்த வேலையைச் செய்கின்றன. நமக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. விண்டோஸ் 10, 11 கணினிகளிலேயே டபிள்யூலேன் ரிப்போட் என்று ஓர் அறிக்கை எடுக்கலாம். கடந்த மூன்று நாட்களில் அந்தக் கணினி எப்போது இணைந்தது, எப்போது, ஏன் துண்டிக்கப்பட்டது என்பதைப் படமாகவே காட்டும். இலவசம். ஐ.சி.ரி. பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல செய்முறைப் பாடம் ஏது?

இன்னொரு விடயமும் இருக்கிறது. லொக்கை அப்படியே எடுத்து ஏ.ஐ. செயலி ஒன்றில் போட்டு "என்ன பிழை?" என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டது. சாதனத்தின் பெயரில் பலருடைய சொந்தப் பெயரே இருக்கிறது. யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்பதும் அதில் தெரியும். அது நம்மிடம் இருக்கும் அமானிதம். பெயர்களை மாற்றிவிட்டுத்தான் வெளியே கொடுக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் நிறைவேற்றப்பட்டிருப்பதையும் மறக்க வேண்டாம். வைபையைத் திருத்த எடுத்த லொக்கை ஆசிரியர் வரவுப் பதிவேடாக மாற்றுவதும் முறையில்லை.

ஆகவே பாடசாலைகளில் செய்யக்கூடியவை:

1. பிரச்சினை வந்தால் முதலில் லொக்கைச் சேமியுங்கள். ரவுட்டரை நிப்பாட்டுவது அதற்குப் பிறகு.

2. ரவுட்டரின் மணிக்கூட்டைச் சரிபாருங்கள். அது உலகப் பொது நேரத்தில் ஓடினால் காலை 10.30க்கு நடந்தது 5.00 என்று பதிவாகும். தேடுகிறவர் தவறான இடத்தில் தேடுவார்.

3. எத்தனை வரிகள் என்று கேட்காமல் எத்தனை சாதனங்கள் என்று கேளுங்கள்.

4. அண்ட்ரொய்ட் 10, ஐ.ஓ.எஸ். 14 முதல் போன்கள் வைபைக்கு மாற்று மெக் முகவரியைக் காட்டுகின்றன. ஆகவே மெக் முகவரியை வைத்து "இது இன்னாருடைய போன்" என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள்.

5. புதிய ரவுட்டருக்குக் காசு கேட்டு வருகிறவரிடம் சங்கம் ஒரு கேள்வி கேட்கட்டும்: "லொக் என்ன சொல்கிறது?"

 ஒரு பாடவேளையில் 20 நிமிடம் வைபைக்குப் போனால் நட்டம் பிள்ளைக்கு. அதற்கு மேல் பழியும் பிள்ளைக்கு என்றால் அது நியாயமில்லை. உங்கள் பாடசாலையில் இப்படி நடந்து, காரணம் வேறாக இருந்திருந்தால் கீழே எழுதுங்கள். மற்ற ஆசிரியர்களுக்கும் உதவும்.