அப்பாவின் மருத்துவக் காப்பீட்டை மாற்றலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. 3 லட்ச ரூபாய்க்கு மருத்துவக் காப்பீடு எடுத்து, வரும் மார்ச் 20-ம் தேதியோடு நான்கு ஆண்டுகள் முடிகின்றன. பிரீமியம் ஏறிக்கொண்டே போகிறது. “இதை விட்டுவிடுங்கள். வேறு கம்பெனியில் குறைந்த பிரீமியத்தில் புதிதாகப் போட்டுத் தருகிறேன்” என்கிறார் ஒரு முகவர். மாறலாமா?
- வாசகி ஒருவர், மணப்பாறை.

பதில்: மாறலாம். ஆனால் முகவர் சொல்கிற வழியில் மாறாதீர்கள். “விட்டுவிட்டுப் புதிதாகப் போடுவது” வேறு. “போர்ட்டிங்” செய்வது வேறு.

எங்கள் வீட்டிலேயே இந்தத் தவறு நடந்தது. என் பெரியப்பா ஐந்து ஆண்டுகள் ஒழுங்காகக் கட்டிவந்த பாலிசியை, இரண்டாயிரம் ரூபாய் மிச்சமாகிறது என்று விட்டுவிட்டு, வேறு நிறுவனத்தில் புதிதாக எடுத்தார். எட்டாவது மாதம் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைக்க வேண்டியதாயிற்று. “சர்க்கரையும் ரத்த அழுத்தமும் முன்பே இருந்த நோய்கள், காத்திருப்புக் காலம் முடியவில்லை” என்று பணம் தர மறுத்துவிட்டார்கள். இரண்டு கறவை மாடுகளை விற்றுத்தான் மருத்துவமனைக்குக் கட்டினோம். விதை வாங்கினால் முளைப்புத்திறன் பாருங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நான், அந்தத் தாளை வாங்கிப் படித்துப் பார்க்கவில்லை.

செல்போன் எண்ணை மாற்றாமல் கம்பெனி மாறுகிறோம் அல்லவா? போர்ட்டிங்கும் அப்படித்தான். உங்கள் அப்பா கழித்த நான்கு ஆண்டு காத்திருப்பும் அவரோடு புதிய நிறுவனத்துக்குப் போகும். புதிதாக எடுத்தால், சர்க்கரைக்கும் அதைச் சார்ந்த நோய்களுக்கும் மூன்று ஆண்டுகள் வரை மறுபடியும் காத்திருக்க நேரிடும். 67 வயதில் அந்த மூன்று ஆண்டுகள் பெரிய விஷயம். இன்னொன்று: தொடர்ந்து 60 மாதங்கள் பாலிசி ஓடிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, “நோயைச் சொல்லவில்லை” என்ற காரணம் காட்டிப் பணத்தை மறுக்க முடியாது. அந்தக் கணக்கில் உங்களுக்கு இன்னும் ஓர் ஆண்டுதான் பாக்கி.

எப்போது விண்ணப்பிப்பது? பயிர்க் காப்பீட்டுக்கு ஊருக்கெல்லாம் ஒரே கடைசி நாள். மருத்துவக் காப்பீட்டில் அவரவர் பாலிசி புதுப்பிக்கும் தேதிதான் கணக்கு. அந்தத் தேதிக்கு 60 நாட்களிலிருந்து 45 நாட்களுக்கு முன்பாக விண்ணப்பித்துவிட வேண்டும். உங்களுக்கு அது ஜனவரி 19 முதல் பிப்ரவரி 3 வரை. பொங்கல் முடிந்த கையோடு வேலையைத் தொடங்குங்கள்.

விண்ணப்பத்தில் சர்க்கரை, சாப்பிடும் மாத்திரை, முன்பு செய்த சிகிச்சை எல்லாவற்றையும் எழுதுங்கள். “எழுதினால் எடுக்கமாட்டார்கள்” என்று முகவர் சொன்னாலும் மறைக்காதீர்கள். புதிய நிறுவனம் வேண்டாம் என்று சொல்லவும் அதற்கு உரிமை உண்டு. ஆகவே அவர்கள் எழுத்தில் ஒப்புக்கொள்ளும்வரை பழையதை விடக் கூடாது. புதுக் கிணற்றில் தண்ணீர் வருமுன் பழைய கிணற்றை யாராவது தூர்ப்பார்களா?

பிரீமியத்தை மட்டும் பார்த்து மாறாதீர்கள். இவற்றையும் கேளுங்கள்:

• பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் மருத்துவமனை மணப்பாறையிலோ திருச்சியிலோ எது?

• நம் பங்கு எவ்வளவு? 20 சதவீதம் என்றால், 2 லட்ச ரூபாய் பில்லில் 40,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும். குறைந்த பிரீமியத்தின் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

• அறை வாடகைக்கு உச்சவரம்பு உண்டா? அதைத் தாண்டிய அறையில் சேர்ந்தால், மற்ற செலவுகளிலும் விகிதப்படி பிடிப்பார்கள்.

• தொகையை 5 லட்சமாக உயர்த்தினால், பழைய 3 லட்சத்துக்குத்தான் கழித்த காலம் செல்லும். கூடுதல் 2 லட்சத்துக்குப் புதிதாகக் காத்திருக்க வேண்டும்.

மாறுவதற்கு முன், இப்போதைய நிறுவனத்திடமே குறைந்த பிரீமியத்தில் வேறு திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கேயே மாறினாலும் காத்திருந்த காலம் வீணாகாது. 60 வயதைக் கடந்தவர்களின் பிரீமியத்தை ஓர் ஆண்டில் 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதென்றால், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலந்துகொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்திருக்கிறது. தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி கிடையாது. ரசீதில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையையும் வாங்கி வையுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டை, ஆதாருடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போக வேண்டும்.

மார்ச் முதல் வாரம் வரை புதிய நிறுவனத்தின் பதில் வரவில்லையென்றால், யோசிக்காமல் பழையதையே புதுப்பித்துவிடுங்கள். அடுத்த ஆண்டு மறுபடி முயலலாம். மாறினாலும் மாறாவிட்டாலும், மார்ச் 20 அன்று அப்பாவின் பெயரில் ஒரு பாலிசி நடப்பில் இருக்க வேண்டும். அந்தத் தேதியை அவருடைய மருந்துச் சீட்டின் மேலேயே எழுதி வையுங்கள்.