பிட்காயினும் அனுப்புவோரின் முகவரியும்

அண்மையில் ஒரு பயிற்சி வகுப்பில் ஆசிரியர் ஒருவர் ஒரு வினா எழுப்பினார். "பிட்காயினில் பணம் அனுப்பினால் அனுப்பியவர் இன்னாரென்று ஒருவருக்கும் தெரியாதாமே, மெய்தானா?" என்பது அவ்வினா. அருகில் அமர்ந்திருந்த விரிவாக்க ஊழியர் உடனே குறுக்கிட்டு, "அதெல்லாம் கதை ஐயா, ஐ.பி. முகவரி கிடைத்தால் அரை நாழிகையில் ஆளைப் பிடித்துவிடலாம்" என்றார். இருவர் கூற்றும் பிழையே. முதற் பிழை எளிய மக்களை ஏமாறச் செய்கிறது. இரண்டாவது, குற்றமற்றவன் மீது பழி சுமத்தவும் இடமளிக்கிறது. ஆதலின் இதனைச் சற்று விரித்துரைப்பது தகும்.

சடோஷி நாகமோட்டோ என்னும் புனைபெயரில் 2008ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று வெளியான கட்டுரையே பிட்காயினுக்கு அடிப்படையாகும். அதன் பேரேடு 2009 ஜனவரியில் தொடங்கிற்று. அப்பேரேட்டை உலகில் எவரும் படிக்கலாம். எந்தப் பணப்பை முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு எவ்வளவு சென்றது என்பது அதில் அழியாமல் நிற்கும், ஆட்பெயர் இராது. ஐ.பி. முகவரியும் அப்பேரேட்டில் இல்லை என்பதைப் பலர் அறியார். அது வெளிப்படுவது பேரேட்டிலன்று. பரிவர்த்தனை பேரேட்டை நோக்கிச் செல்லும் வழியிலேயாம்.

அவ்வழி எத்தகையது? பிட்காயின் வலையமைப்பில் தலைமை நிலையம் என ஒன்றில்லை. ஒவ்வொரு கணினியும் ஒரு கணு. ஒரு கணு, பரிவர்த்தனைகளைப் பரிமாறிக்கொள்ள வேறு எட்டுக் கணுக்களுடன் தானே தொடர்பு ஏற்படுத்திக்கொள்கிறது. பிறர் தன்னை நாடி வரவும் இடம் தரலாம். புதிய பரிவர்த்தனையை ஒரு கணு தன் அண்டையாருக்கு அறிவிக்க, அவர்கள் தத்தம் அண்டையாருக்கு அறிவிக்க, சில விநாடிகளில் செய்தி உலகெங்கும் பரவிவிடும். ஊரில் வம்பு பரவுவது போலத்தான். வம்பை யார் தொடங்கியது என்று அறிய விரும்புபவன் என்ன செய்வான்? எல்லா வீட்டுத் திண்ணைகளிலும் ஒவ்வோர் ஆளை அமர்த்தி, எத்திண்ணையில் முதலில் பேச்சு எழுந்தது என்று பார்ப்பான். டான் காமின்ஸ்கி என்ற பாதுகாப்பு வல்லுநர் 2011ஆம் ஆண்டிலேயே இதனைச் சுட்டிக்காட்டினார். எல்லாக் கணுக்களுடனும் தொடர்பு கொண்டிருப்பவனுக்கு, ஒரு பரிவர்த்தனையை முதலில் அறிவிக்கும் கணுவே பெரும்பாலும் அதன் பிறப்பிடமாக இருக்கும் என்பது அவர் கருத்து.

2014இல் லக்ஸம்பர்க் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் மூவர் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். பொது முகவரியின்றி மறைவில் இயங்கும் கணினிகளையும், அவை எந்தெந்த நுழைவுக் கணுக்களைப் பற்றியிருக்கின்றன என்பதைக் கொண்டு அடையாளம் காணலாம் என்று காட்டினர். இம்முறை நூற்றுக்கு 11 முதல் 60 வரை வெற்றி தரும் என்றும், இதற்குச் செலவு மாதம் 1,500 யூரோவுக்கும் குறைவே என்றும் அவர்கள் கணித்தனர். ஒரு பேரரசின் கருவூலம் இதற்குத் தேவையில்லை என்பதே இங்குக் கவலைக்குரிய செய்தி. வேவு பார்ப்பவர் காவல்துறையினராகத்தான் இருப்பர் என்று எண்ணுவது பேதைமை. பேரேட்டில் ஒருவரது இருப்புத் தொகை தெரிகிறது, ஐ.பி. முகவரியோ அவர் வாழும் பகுதியை ஓரளவு காட்டிவிடுகிறது. இரண்டையும் இணைத்துப் பார்க்க முதலில் விழைபவன் கள்வனே.

மேலும், கணுக்களுக்கிடையே செல்லும் இச்செய்திகள் நெடுங்காலம் அஞ்சலட்டையைப் போலத் திறந்தபடியே சென்றன. அவற்றை மறையீடு செய்யும் முறை முதன்மை மென்பொருளில் இயல்பாகவே இயங்கத் தொடங்கியது 2024 ஏப்ரலில்தான்.

கைப்பேசி வைத்திருப்போரில் மிகப் பலர் கணு எதனையும் நடத்துவதில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். அவர்களது பணப்பைச் செயலி ஏதோ ஒரு நிறுவனத்தின் கணினியை நாடுகிறது. அந்நிறுவனத்திற்கு ஒற்றாடல் தேவையே இல்லை. வாடிக்கையாளர் தாமே முகவரியுடன் வந்து நிற்கிறார். ஈதரியம் நாணயத்திற்குப் பயன்படும் மெட்டாமாஸ்க் பணப்பையை வெளியிடும் கன்சென்ஸிஸ் நிறுவனம், தன் இன்ஃபியூரா சேவை வழியே பரிவர்த்தனை அனுப்புவோரின் ஐ.பி. முகவரியும் பணப்பை முகவரியும் சேகரிக்கப்படும் என்று 2022 நவம்பரில் தன் கொள்கையில் எழுதியது. பெருங்கூக்குரல் எழுந்தது. அத்தரவை வைத்திருக்கும் காலத்தை ஏழு நாட்களாகக் குறைப்பதாக அடுத்த மாதமே அது அறிவித்தது. அக்கொள்கையை வெளிப்பட எழுதியதற்காக அந்நிறுவனத்தைக் குறை கூறுவதற்கில்லை என்பது என் கருத்து. எழுதாமலே சேகரிப்போர் இலரா?

இனி விரிவாக்க ஊழியரின் கூற்றுக்கு வருவோம். பழைய முறை ஐ.பி. முகவரிகள் மொத்தம் 429 கோடிதான். ஆதலின் நம் நாட்டுக் கைப்பேசி வலையமைப்புகளில் பலர் ஒரே சமயத்தில் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றனர். சரியான நேரமும் இணைப்புத் துறை எண்ணும் உடன் கிடைத்தாலன்றி, முகவரி மட்டும் எவரையும் காட்டாது. கிடைத்தாலும், முதலில் அறிவித்த கணு பிறர் செய்தியைக் கடத்திய கணுவாகவும் இருக்கலாம். லக்ஸம்பர்க் ஆய்வின் மிகச் சிறந்த கணக்கிலும் நூற்றுக்கு நாற்பது பிடிபடவில்லை என்பதை மறத்தலாகாது. இத்தகைய ஊகத்தைத் துப்பாகக் கொள்ளலாம். சான்றாகக் கொள்ளுதல் கூடாது.

முகவரியை மறைத்தால் குற்றவாளிக்கன்றோ நன்மை என்பர் சிலர். நம் நாட்டில் நாணய மாற்று நிலையங்கள் 2023 மார்ச் முதல் பணமோசடித் தடுப்புச் சட்டத்திற்கு உட்பட்டவை. வாடிக்கையாளரின் அடையாள விவரங்களை அவை ஐந்தாண்டுகள் காக்க வேண்டுமென 2022 ஏப்ரல் 28ஆம் நாள் ஆணை கூறுகிறது. சட்டம் கேட்க வேண்டிய வாயில் அதுவே. அவ்வாயிலை மிதியாமலே நாணயம் பெறுவோரும் உளர். அந்த அளவில் மறுப்போர் கூற்றில் உண்மை உண்டு. எனினும் அவ்வகையினர் டார் போன்ற மறைவழிகளை நன்கறிந்தவர்கள். வலையமைப்பின் குறையால் வெளிப்பட்டு நிற்பவர் அவற்றை அறியாத சாமானியரே. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தபோது, அதனைக் கணினி வல்லோர்க்கு மட்டும் உரியதென வரையறுக்கவில்லை.

ஆகவே பரிகாரம் வலையமைப்பின் அமைப்பிலேயே இருத்தல் வேண்டும் என்று கருதுகிறேன். அதற்கு வழியும் உண்டு. இல்லினாய் பல்கலைக்கழகத்தினர் 2017இல் "டான்டிலயன்" என்னும் முறையை முன்மொழிந்தனர். காற்றில் பஞ்சாய்ப் பறக்கும் விதைகளையுடைய ஒரு செடியின் பெயர் அது. செய்தி முதலில் தண்டின் வழி ஏறுவது போல ஒருவரிடமிருந்து ஒருவருக்கே செல்லும். சில கணுக்களைக் கடந்த பின்னரே பஞ்சாய்ப் பரவும். கிரின் நாணயம் 2019இல் தொடங்கிய போதே இதனை ஏற்றது; மொனெரோ 2020இல் இதன் திருத்திய வடிவை ஏற்றது. பிட்காயினின் முதன்மை மென்பொருளில் இது சேரவில்லை. கணுக்களை முடக்கும் தாக்குதலுக்கு இது இடமளிக்கும் என்று அதனைப் பேணுவோர் அஞ்சினர். அவ்வச்சம் பொருளற்றதன்று, ஆயினும் அதனைப் போக்கும் முயற்சி இன்னும் விரைந்து நடந்திருக்கலாம்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே செய்து காட்டலாம், கணினி வேண்டுவதில்லை. மாணவர் ஒருவரிடம் இரகசியமாக ஒரு சொல்லைக் கொடுத்து, அதனை அருகிலுள்ள நால்வரிடம் ஒரே சமயத்தில் சொல்லச் செய்க; கேட்டவர் ஒவ்வொருவரும் மேலும் நால்வரிடம் சொல்லட்டும். நாலு மூலைகளில் நால்வரைக் காவல் நிறுத்தி, தொடங்கியவர் யாரென ஊகிக்கச் சொல்லுக. பிறகு அதே விளையாட்டை, முதல் ஆறு பேர் வரை ஒருவர் ஒருவரிடம் மட்டுமே சொல்லி, ஏழாமவரிடமிருந்து பரவும்படி நடத்துக. ஒவ்வொன்றையும் பத்து முறை நடத்தி, காவலர் எத்தனை முறை சரியாகச் சொன்னார்கள், எத்தனை முறை வேறொரு பிள்ளையைச் சுட்டினார்கள் என்பதை இரு வரிசைகளாகக் கரும்பலகையில் எழுதிவரலாம்.