பல்கலைக்கழகம் கிராமத்துக்கு வரட்டும்!

இந்நாட்டில் 1945 ஆம் ஆண்டு முதல் இலவசக் கல்வி நடைபெற்று வருகின்றது. பாலர் வகுப்புத் தொடக்கம் பல்கலைக்கழகம் வரை நம் பிள்ளைகளின் படிப்புச் செலவைப் பொதுமக்களின் வரிப்பணமே தாங்குகின்றது. செம்மண்ணில் வெங்காயம் நடுபவரும், இரணைமடு நீரை நம்பி நெல் விதைப்பவரும் அவ்வரியைச் செலுத்துகின்றனர். அப்பணத்திற் கற்கும் மாணவரால் அவர்கள் பெறும் பயன் யாது? இதனைக் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

2022 ஆம் ஆண்டு எரிபொருட் பஞ்சம் நாட்டை வாட்டியபோது, யூலை மாதத்தில் அரசாங்கம் கியூ.ஆர். குறியீட்டு முறையை அறிமுகஞ் செய்தது. இணையத்திற் பதிந்தவருக்கே பெற்றோல் என்றாயிற்று. கையிலே தொலைபேசி இருந்தும் பதியும் வகையறியாத முதியோர் அயல்வீட்டுப் பிள்ளைகளை நாடி நின்றனர். எண்ணிம எழுத்தறிவு இல்லாதவர் தமக்குரியதையும் பெற முடியாதவராகின்றார் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

“எங்கள் மாணவருக்குக் கணினிப் பாடம் இருக்கின்றதே” என்று பல்கலைக்கழகத்தார் கூறலாம். இருக்கின்றது, போதாது! பாமினி எழுத்துருவில் அடித்த மனு, அவ்வெழுத்துரு இல்லாத கணினியிற் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாய்த் தோன்றும். ஒருங்குறியில் எழுதியதோ தமிழாகவே நிற்கும். இதனைப் பாடக்குறிப்பில் மனனஞ் செய்தவர் பரீட்சை முடிந்ததும் மறப்பார். கமக்காரர் சங்கத்தின் மனு வாசிக்க முடியாதெனத் திரும்பி வரக் கண்டவர் ஒருபோதும் மறவார். வங்கியின் பெயரால் இரகசிய இலக்கம் கேட்கும் வஞ்சகரைப் பற்றி ஒரு மூதாட்டிக்கு விளக்க முயலும் மாணவர், அவ்வஞ்சகத்தின் வழிகளைத் தாமும் ஐயந்திரிபறக் கற்கின்றார்.

இவ்வேலையாற் படிப்புக் கெடும் என்போர் மருத்துவ பீடத்தைப் பார்க்கட்டும். சமுதாய மருத்துவம் கற்கும் மாணவர் கிராமத்துக்குச் செல்கின்றனர். அதனால் மருத்துவக் கல்வி தாழ்ந்ததென்று எவரேனும் சொன்னதுண்டா? மற்றைய பீடங்களுக்கு மட்டும் ஏன் இந்தத் தயக்கம்?

1974 இல் வளாகமாகத் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகம், 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றையும் நாம் கேட்கின்றோம். ஒவ்வொரு மாணவரையும் ஓர் அரையாண்டுக் காலம் ஒரு சனசமூக நிலையத்தோடு இணையுங்கள். விரிவுரையாளர் மேற்பார்வை செய்யட்டும். பட்டத்திற்குரிய புள்ளி வழங்கப்படட்டும். அப்புள்ளியில் ஒரு பகுதியை ஊரவரே இடட்டும். ஒருநாட் சென்று, படம் பிடித்துத் திரும்பும் சிரமதானத்தை நாம் கேட்கவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் கிளிநொச்சியில் வயல்களின் அயலிலேயே இருக்கின்றன. தூரம் என்ற சாக்கும் அவற்றுக்கு இல்லை.

இதில் நம் மொழியுரிமையும் அடங்கியிருக்கின்றது. 1956 இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தது. 1987 இல், பதின்மூன்றாந் திருத்தத்தினால், தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆயினும் அரச இணையத்தளங்கள் பலவற்றிலே தமிழ் இன்னும் பின்வரிசையில் நிற்கின்றது. சட்டத்திலுள்ள உரிமை திரையில் இல்லையாயின் கமக்காரருக்கு அதனால் என்ன பயன்? எந்தப் படிவத்திலே தமிழ் இல்லை, எங்கே தமிழ் பிழைபட்டிருக்கின்றது என்பதை ஊரூராக மாணவர் குறித்து வருவாராயின், அக்குறிப்பேடு நூறு மேடைப் பேச்சுக்களிலும் வலிய சாட்சியாகும்.

கற்றறிந்த பெரியோரே! பல்கலைக்கழகப் பேரவைகளிலும் மூதவைகளிலும் உங்களுட் பலர் அமர்ந்திருக்கின்றீர்கள். அங்கே இதனைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். கமக்காரப் பெருமக்களே! உங்கள் சனசமூக நிலையத்திலே ஒரு மேசையை ஒதுக்கிவிட்டு, மாணவரை அனுப்புமாறு சங்கத்தின் பெயரால் இன்றே துணைவேந்தருக்கு எழுதுங்கள். நீங்கள் கேட்பது பிச்சையன்று. உங்கள் பணத்தால் வளர்ந்த கல்வியிலே உங்களுக்குரிய பங்கையே கேட்கின்றீர்கள்!