நடந்து போனவருக்கு எங்கே காப்புறுதி?



ஸ்காபரோவில் எங்கட அன்ரியை ஒரு கார் அடித்துவிட்டு நிற்காமல் போனது காலை ஐந்தரை மணிக்கு. எக்ளிண்டன் கிழக்கில், பஸ் தரிப்பிடத்துக்குப் போக வீதியைக் கடந்துகொண்டிருந்தார். இடுப்பெலும்பு முறிவு. நம்பர் பிளேட்டை ஒருவரும் காணவில்லை. "காரும் இல்லை, லைசென்சும் இல்லை, எனக்கெங்க பிள்ளை இன்சூரன்ஸ்?" என்று கேட்டார். நாங்களும் அதை நம்பி மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டோம்.

அது பிழை. ஒன்ராறியோவில் வாகனம் மோதிய பாதசாரிக்கும், குற்றம் யாருடையது என்று பார்க்காமல், விபத்து நலன்கள் உண்டு. அவருக்கோ அவர் துணைக்கோ, அவர் தங்கி வாழும் ஒருவருக்கோ கார்க் காப்புறுதி இருந்தால் முதலில் அந்த நிறுவனம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மோதிய காரின் நிறுவனம். கார் ஓடித் தப்பிவிட்டால், கடைசிக் கதவு மாகாண அரசின் மோட்டார் வாகன விபத்துக் கோரிக்கை நிதியம். 7 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். படிவம் கிடைத்து 30 நாட்களுக்குள் நிரப்பி அனுப்ப வேண்டும். பிந்தினால் நியாயமான காரணம் சொல்லலாம். அன்ரி அப்படித்தான் தப்பினார். பொலிசுக்கு உடனே சொல்வதும் முக்கியம். விசா இல்லாதவர் எப்படிச் சொல்வார் என்று கேட்பீர்கள். அந்தப் பயத்தோடேயே எத்தனையோ பேர் நொண்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள்.

பிசியோதெரபிக்குக் காசு வந்தது. சம்பளத்தில்தான் அடி. வருமான இழப்புக்கு மொத்தச் சம்பளத்தின் 70 வீதம், கூடியது கிழமைக்கு 400 டொலர். அன்ரிக்கு அதுவும் இல்லை. உணவகத்தில் பாதி செக், பாதி கைக்காசு. வரிக்குக் காட்டாத வருமானத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று விதியே சொல்கிறது. அந்த முதலாளி வேறு யாருமில்லை, எங்கட ஆள்தான். ஊர்ச்சங்க விழாக்களில் முன்வரிசையில் இருப்பவர்.

இப்போது அந்த அரைக்குறை உதவிக்கும் ஆபத்து. டக் ஃபோர்ட் அரசின் மாற்றத்தின்படி, 2026 ஜூலை 1 தொடக்கம் மருத்துவம், புனர்வாழ்வு, பராமரிப்பு மட்டும்தான் கட்டாயம். வருமான இழப்பு நலன் விரும்பினால் வாங்கிக்கொள்வது. வாங்கினாலும் அது காப்புறுதி எடுத்தவருக்கும், துணைக்கும், தங்கி வாழ்வோருக்கும், பத்திரத்தில் பெயருள்ள ஓட்டுநருக்கும் மட்டும். வீட்டில் கார் இல்லாமல் நடந்து போகிறவர், சைக்கிளில் போகிறவர் இந்தப் பட்டியலில் இல்லை.

இதற்கு அரசு வைத்திருக்கும் பெயர் "தெரிவு". கார் வைத்திருப்பவருக்குத் தெரிவு, சரி. பத்திரமே இல்லாத அன்ரி எதைத் தெரிவுசெய்வது? ஓட்டுநரின் கட்டணத்தில் சில டொலர் குறைப்பதற்காக, அவர் மோதக்கூடிய ஆளின் சம்பளத்தில் கைவைக்கிறார்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் பொறுப்புக் குறைகிறது.

பாதசாரிகளுக்கும் சைக்கிள்காரருக்கும் வருமான இழப்பு நலன் கட்டாயமாக இருக்க வேண்டும், வாங்கித் தருவதற்கு ஆளில்லாத இடத்தில் நிதியம் கொடுக்க வேண்டும். உங்கள் தொகுதி மாகாணசபை உறுப்பினரிடம் இதைக் கேளுங்கள், தமிழரென்றால் தமிழிலேயே கேளுங்கள். வீட்டில் அப்பா அம்மாவின் பத்திரம் புதுப்பிக்க வரும்போது பக்கத்தில் இருங்கள். மலிவென்று சொல்லி புரோக்கர் வருமான நலனை வெட்டச் சொன்னால், உங்களில் யார் யார் பஸ்ஸில் வேலைக்குப் போகிறீர்கள் என்று அவருக்கு எண்ணிக் காட்டுங்கள்.

அன்ரி திரும்ப வேலைக்குப் போகிறார். அதே உணவகம், அதே ஐந்தரை பஸ். இப்போது முழுச் சம்பளமும் செக்கில்தான் வேண்டுமென்று கேட்டிருக்கிறார். முதலாளி இன்னும் பதில் சொல்லவில்லை.