காலணாக் கணக்கும் காத்திருப்பின் கணக்கும்

சென்னைப் புறநகரில் குடியிருக்கும் படித்தவர்கள் மூவர் சந்தித்துக்கொண்டால், பத்தாவது நிமிடத்தில் பேச்சு 'டவுனுக்கு எப்படிப் போகிறீர்கள்?' என்பதில் வந்து நிற்கும். ஒருவர் மின்ரயில் கட்சி. இன்னொருவர் ஸ்கூட்டர் கட்சி. மூன்றாமவர் அண்மையில் மெட்ரோவுக்கு மதம் மாறியவர். புதிதாக மாறியவருக்கே உரிய ஆவேசத்தோடு பேசுவார். நிமிடங்களும் ரூபாய்களும் வரிசையாக அடுக்கப்படும். கடைசியில், மெட்ரோ தாம்பரம்வரை வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற ஆறுதலோடு அனைவரும் கலைவார்கள்.

இந்த ஒப்பீடு முழுவதுமே தவறான இடத்தில் தொடங்குகிறது என்பது என் தரப்பு. நாம் வண்டிகளை ஒப்பிடுகிறோம். வண்டிவரை போய்ச்சேர யாரால் முடியும், யாரால் முடியாது என்பதை ஒப்பிடுவதே இல்லை.

இலக்கிய வாசகர்களுக்கு ஒரு முன்னுதாரணத்தை நினைவூட்டலாம். புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' 1943-இல் வெளிவந்த கதை. பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் சந்தியில் நின்றுகொண்டு, திருவல்லிக்கேணிக்குத் திரும்ப டிராமா, பஸ்ஸா என்று கந்தசாமிப் பிள்ளை கணக்குப் போடுவதில்தான் அது தொடங்குகிறது. எதில் போனால் வெற்றிலைக்குக் காசு மிஞ்சும், எதில் போனால் அரைக் கோப்பைக் காப்பிக்கு மிஞ்சும் என்பதே அவர் கவலை. கடவுள் வந்து இறங்குவதற்கு முன்பே அந்தக் கணக்கு வந்துவிடுகிறது. நாம் அதை நகைச்சுவை என்று சிரித்துக் கடந்துவிடுகிறோம். அது பொருளாதாரமும்தான். தமிழ்ப் புனைகதையில் நகரப் போக்குவரத்தைப் பற்றி எழுதப்பட்ட மிகச் செறிவான ஆய்வறிக்கை என்றுகூட அந்த முதற்பத்தியைச் சொல்வேன்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கந்தசாமிப் பிள்ளை நிற்கும் சந்திக்கு டிராமும் வருகிறது, பஸ்ஸும் வருகிறது. தேர்வு என்ற சொல்லுக்கு அங்கே பொருள் இருக்கிறது. 1895-இல் ஓடத் தொடங்கிய சென்னை டிராம் 1953-இல் நின்றுபோயிற்று. அதன்பின் நகரம் தெற்கே தாம்பரத்தையும் தாண்டி வளர்ந்தது. பிள்ளையவர்களின் வாரிசுகள் இன்று பிராட்வே முனையில் குடியிருக்கவில்லை. சேலையூரிலும் மாடம்பாக்கத்திலும் மேடவாக்கத்திலும் ஏதோ ஒரு நகரின் ஏழாவது குறுக்குத் தெருவில் இருக்கிறார்கள். அவர்களுடைய கணக்கு சந்தியில் தொடங்குவதில்லை, வீட்டு வாசற்படியில் தொடங்குகிறது.

எடுத்துக்காட்டாக ஒரே ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வோம். சேலையூரின் உட்தெரு ஒன்றிலிருந்து எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போக வேண்டும். வழிகள் என்ன?

முதலாவது, மின்ரயில். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். அன்றிலிருந்து இந்நகரத்தைச் சுமந்துவரும் அமைப்பு அது. மீட்டர் பாதை அகலப்பாதையாக மாறியபோதும் சுமப்பதை நிறுத்தவில்லை. தாம்பரத்திலிருந்து எழும்பூர் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். இரண்டாம் வகுப்புக் கட்டணம் 10 ரூபாய். முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். காகிதத்தில் இதை வெல்ல எந்த வாகனத்தாலும் இயலாது. ஆனால் வீட்டிலிருந்து தாம்பரம் நிலையம்வரை உள்ள மூன்று நான்கு கிலோமீட்டர்? ஷேர் ஆட்டோவுக்குத் தரும் காசு ரயில் கட்டணத்தை விழுங்கிவிடும். ஷேர் ஆட்டோ நிற்கும் முக்கிய சாலைக்கு வரவே நடைபாதை இல்லாத தெருவில் கால்மணி நடக்க வேண்டும். 25 கிலோமீட்டர் மலிவு, 4 கிலோமீட்டர் கிராக்கி. இந்த முரணைப் பேசாத எந்த ஒப்பீடும் வெறும் ஜல்லியடிப்புதான்.

இரண்டாவது, பேருந்து. நெரிசல் நேரத்தில் ஒன்றரை மணிக்கு மேலாகும். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது, பறக்கும் ரயில். பேருந்தில் வேளச்சேரிவரை போய் ரயில் பிடித்துச் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி எழும்பூருக்கு நடக்கலாம். 1995-இல் கடற்கரைக்கும் சேப்பாக்கத்துக்கும் இடையே தொடங்கிய இந்தத் தடம் வேளச்சேரியை எட்ட 2007 ஆயிற்று. அங்கிருந்து பரங்கிமலைவரை எஞ்சியிருந்த ஐந்து கிலோமீட்டரோ பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இழுத்தடிக்கப்பட்டது. அந்தப் பிரம்மாண்ட நிலையங்களில் மாலை ஏழு மணிக்குமேல் தனியாக நடந்து பார்த்தவர்களுக்கு, அவை ஏன் வெறிச்சோடிக் கிடக்கின்றன என்று விளக்கத் தேவையில்லை. பெண்களிடம் கேட்டால் இன்னும் தெளிவாகச் சொல்வார்கள்.

நான்காவது, மெட்ரோ. இருசக்கர வாகனத்தில் மீனம்பாக்கம்வரை போய், அதை நிறுத்திவிட்டு, ஆலந்தூர், கோயம்பேடு வழியாக எழும்பூரில் இறங்கலாம். மெட்ரோ நல்ல வண்டி. தூய்மையானது, மின்தூக்கி உண்டு, சக்கர நாற்காலியில் வருபவரும் ஏறலாம், இரவில் பெண்கள் அச்சமின்றிப் போகலாம். இவற்றை மறுப்பவன் அல்லன் நான். ஆனால் இந்த 'மெட்ரோ பயணத்தின்' முதற்பகுதியைக் கவனியுங்கள். சொந்த வாகனம் இருப்பவருக்கே இப்பயணம். வாகனம் ஓட்டத் தெரியாதவரும், வாங்க முடியாதவரும், வயது கடந்தவரும் இந்த வழியைத் 'தேர்வு' செய்வதில்லை, செய்யவும் முடியாது.

ஐந்தாவது, வாசலிலிருந்து வாசல்வரை ஸ்கூட்டர். போக வர 55 கிலோமீட்டர். 2021-இலேயே லிட்டர் 100 ரூபாயைத் தொட்டுவிட்ட பெட்ரோலில் நூறு ரூபாய்க்கு மேல் செலவு. ஸ்கூட்டர் கட்சியினர் இதை மட்டுமே கணக்கில் எழுதுவார்கள். மாதத் தவணை, காப்பீடு, முதுகுவலி, கத்திப்பாரா வெயில் ஆகியவற்றுக்கு அவர்கள் பேரேட்டில் பத்தியே கிடையாது.

ஐந்து வழிகளையும் வரிசைப்படுத்திவிட்டேன். எது சிறந்தது என்று கேட்டால் என் பதில், 'யாருக்கு?' என்பதுதான். நாற்பது வயது ஆணுக்கு ஐந்தும் திறந்திருக்கின்றன. அவர் வீட்டுப் பெண்ணுக்கு இரண்டரை. அவருடைய எழுபது வயதுத் தாய்க்கு ஒன்றும் இல்லை. அவர் எழும்பூர் போக வேண்டுமென்றால் யாராவது அழைத்துப் போக வேண்டும். 'எனக்கு மெட்ரோதான் வசதி' என்று ஒருவர் சொல்லும்போது, தம் உடலையும் சம்பளத்தையும் பாலினத்தையும் சேர்த்தே சொல்கிறார். அதை நகரத்தின் பொதுத்தீர்ப்பாக அறிவிப்பதுதான் மேட்டிமை.

இனி, பெண்களின் கட்டணமில்லாப் பேருந்து. 'ஓசிப் பயணம்' என்று ஏளனம் செய்பவர்களில் இலக்கியம் படித்தவர்களும் இருக்கிறார்கள் என்பது வேதனை. சாலை என்பதே வரிப்பணத்தில் போடப்படுவது. ஒரே ஒருவர் அமர்ந்திருக்கும் கார், அந்தச் சாலையில் இடத்தை அடைத்துக்கொண்டு எந்தக் கட்டணமும் இல்லாமல் ஊர்கிறது. அதை ஓசி என்று யாரும் சொல்வதில்லை. ஐம்பது பேரோடு நெருக்கியடித்து நின்று வேலைக்குப் போகும் வீட்டுவேலைப் பெண்ணின் பயணம் மட்டும் கண்ணை உறுத்துகிறது. இத்திட்டத்தின்மீது எனக்குள்ள குறை வேறு: கட்டணத்தை நீக்கினார்கள், காத்திருப்பை நீக்கவில்லை. வராத பேருந்தில் இலவசம் என்பதற்கு என்ன மதிப்பு? சாதாரணக் கட்டணப் பேருந்துக்காக அவள் நிறுத்தத்தில் நிற்க, டீலக்ஸ் ஒன்று அவளைக் கடந்து போகிறது. ரூபாயாகக் கொடுக்காததை அவள் நேரமாகக் கொடுக்கிறாள். 'நேரம் பொன்னானது' என்று மெட்ரோவுக்காக வாதிடும் நண்பர்கள், அந்தப் பெண்ணின் நேரத்தையும் ஒருமுறை உரசிப் பார்க்கட்டும்.

அரசிடம் கொள்கைகளுக்குப் பஞ்சம் இல்லை. வாகனங்களை அல்ல, மனிதர்களை நகர்த்துவதே நோக்கமாக இருக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை சொன்னது. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்பவர்களுக்கும் மிதிவண்டி ஓட்டுபவர்களுக்கும் ஒதுக்க வேண்டும் என்று சென்னை மாநகராட்சியின் 2014-ஆம் ஆண்டுக் கொள்கை சொன்னது. பேருந்து, ரயில், மெட்ரோ எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கும் குழுமத்துக்கான சட்டம் 2010-இல் இயற்றப்பட்டது. அக்குழுமத்தின் முதற்கூட்டம் நடந்தது 2022-இல்! சட்டத்துக்கும் கூட்டத்துக்கும் இடையே ஒரு குழந்தை பிறந்து ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டது. 2025 செப்டம்பரில் எல்லா வண்டிகளுக்கும் ஒரே பயணச்சீட்டு எடுக்கும் கைப்பேசிச் செயலி வந்தது. நல்லதுதான். சீட்டு ஒன்றாகிவிட்டது, வண்டிக்கும் வண்டிக்கும் இடையே உள்ள பள்ளமும் குப்பைமேடும் அப்படியே இருக்கின்றன.

பணம் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 2024-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு 500 கோடிக்கு மேல். இதை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஒரே ஒரு கிலோமீட்டரின் செலவை எடுத்து, புறநகர் ரயில் நிலையங்களைச் சுற்றியுள்ள தெருக்களில் நடைபாதையும் சிற்றுந்தும் தந்திருந்தால், 1931 முதல் ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் பத்து ரூபாய் ரயில் எத்தனை பேருக்குப் பயன்பட்டிருக்கும்? சிற்றுந்து என்பது புதிய கற்பனையும் அன்று. 2013-இல் சென்னையின் உட்பகுதிகளுக்கென்றே அவை விடப்பட்டன. பெருகியிருக்க வேண்டியவை பெருகவில்லை. மாறாக, 2025-இல் அதே தடத்தில் குளிர்சாதன மின்ரயில் வந்தது, குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாயோடு. வண்டியை மேம்படுத்துவதில் உள்ள ஆர்வம், வண்டிக்குப் போகும் வழியை மேம்படுத்துவதில் எவருக்கும் இல்லை. நடைபாதைக்குத் திறப்புவிழா நடத்தினால் புகைப்படம் நன்றாக வராது போலும்.

இவையெல்லாம் இலக்கிய வாசகர்களுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கலாம். நம் கூட்டங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அழைப்பிதழில் மாலை 6 மணி. தொடங்குவது 6.40. வரவேற்புரை, அறிமுகவுரை, பொன்னாடை. நூலைப் பற்றி உருப்படியாகப் பேசப்போகிறவர் எழும்போது மணி எட்டு. அதற்குள் பின்வரிசையில் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுகிறார்கள். எழுந்து போகிறவர்கள் யார்? பெண்கள், மாணவர்கள், முதியவர்கள், இரண்டு வண்டி மாற வேண்டியவர்கள். எஞ்சி உட்கார்ந்திருப்பவர்கள், வாசலில் வண்டி நிறுத்தியிருக்கும் ஆண்கள். பிறகு தலைமையுரையில், 'பெண்கள் இலக்கியக் கூட்டங்களுக்கு வருவதில்லை, இளைஞர்களுக்கு வாசிப்பில் நாட்டமில்லை' என்று ஒரு பெருமூச்சு. கல்லூரியில் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: கூட்டம் ஒன்றைப் பற்றி வகுப்பில் அறிவித்தால், மாணவியர் முதலில் கேட்பது யார் பேசுகிறார் என்பதை அன்று, எத்தனை மணிக்கு முடியும் என்பதைத்தான். அது ஆர்வமின்மை அன்று. இரவு ஒன்பது மணிக்குத் தாம்பரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோ நிறையும்வரை காத்திருந்து, விளக்கில்லாத தெருவில் நடக்க வேண்டியவளின் கணக்கு அது.

விளிம்புநிலை பற்றி இருபதாண்டுகளுக்கு மேலாகக் கட்டுரை எழுதிவருகிறோம். நம் அரங்கின் விளிம்பு எங்கே வரையப்படுகிறது என்று பார்ப்பதில்லை. அதை வரைவது சித்தாந்தம் அன்று. பேருந்து நிறுத்தத்தின் காத்திருப்பும், நிலையத்திலிருந்து வீடுவரை உள்ள இருட்டும்தான்.

ஆகவே, ஒப்பிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வாசற்படியிலிருந்து ஒப்பிடுங்கள். வீட்டிலேயே மெதுவாக நடப்பவரை அளவுகோலாக வைத்து ஒப்பிடுங்கள். ஓடும் நேரத்தோடு நிற்கும் நேரத்தையும் கூட்டுங்கள். தாம்பரத்துக்கு மெட்ரோ எப்போது என்று கேட்பதற்கு முன், தாம்பரம் நிலையத்துக்குச் சிற்றுந்து பத்து நிமிடத்துக்கு ஒன்று ஏன் இல்லை என்று கேளுங்கள். கூட்டம் நடத்தும் நண்பர்களுக்கு அரசின் ஒப்புதல்கூடத் தேவையில்லை: ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் அரங்கு பிடியுங்கள், ஐந்தரைக்குத் தொடங்குங்கள், பொன்னாடையை விட்டுவிட்டு ஏழரைக்கு முடியுங்கள். பின்வரிசை காலியாகாத கூட்டம் எப்படி இருக்கும் என்று அப்போது தெரியும்.